ஓநாய் மேட்டில் காத்திருந்தவர்கள்

ஏப்ரல் கடைசியில் அன்செல்மின் சைக்கிள் பஞ்சரான அன்று, பின் சக்கரத்தைக் கழற்றுவதற்காக அதைத் தலைகீழாக நிறுத்தப்போன லியோன்ஸ், பாதி தூக்கியவர் மறுபடியும் தரையிலேயே வைத்துவிட்டார். எட்டு கிலோகூட இருக்காது என்று அன்செல்ம் போன வருஷம் முழுக்கப் பீற்றிக்கொண்ட சைக்கிள் அது. இப்போது ஒரு கோதுமை மாவு மூட்டையின் கனம் கனத்தது. முப்பத்தைந்து வருஷம் தபால் பை சுமந்த கைக்கு எடை தெரியாமல் போகுமா என்ன. லியோன்ஸ் குனிந்து பார்த்தார். இருக்கையிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு வயர் எட்டிப் பார்த்தது. தண்ணீர் பாட்டில்கள் இரண்டில் ஒன்றைத் தொட்டு ஆட்டினார். அது ஆடவில்லை. உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தமும் இல்லை.

கூட வந்த கிஸ்லானும் ஒனோரேயும் முன்னால் போய்விட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பழுப்பு மாடுகள் மட்டும் வாயை அசைத்தபடி வேடிக்கை பார்த்தன. காலையில் கிளம்பியதிலிருந்து ஒரு கார்கூட எதிரே வரவில்லை. அந்தப் பக்கத்து ரோடுகள் அப்படித்தான். நடுவில் புல் முளைத்திருக்கும்.

"மோட்டாரா?" என்றார் லியோன்ஸ்.

அன்செல்ம் கையிலிருந்த ட்யூபை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பையன்களை எத்தனையோ பேரைப் பார்த்தவர். இன்று அவர்கள் நின்ற இடத்தில் தாம் நிற்க வேண்டியதாகிவிட்டது.

"பாத்துட்டியா. சரி, உன்கிட்ட சொல்றதுல ஒண்ணுமில்ல. முழங்கால் ஆபரேஷன்னு எல்லார்ட்டயும் சொன்னேன்ல, முழங்கால்ல ஒரு கேடும் இல்ல. நெஞ்சு. ரெண்டு எடத்துல அடைப்பு. ஒண்ணுல கம்பி வச்சுட்டாங்க. இன்னொண்ணத் தொட முடியாதுன்னுட்டாங்க." மணிக்கட்டைத் திருப்பி வாட்சைக் காட்டினார். "நாடி நூத்திப்பத்தத் தாண்டக் கூடாதாம். மோட்டார் இருந்தா தாண்டாது. அதான். அந்தப் பாட்டில்தான் பேட்டரி, அறுபது கிலோமீட்டர் வரும்; கைப்பிடி நாடாவுக்கு அடியில பொத்தான்."

"அப்ப வீட்ல இருந்தா என்ன?"

"வீட்ல இருந்து? யோலாந்த் போனதுக்கப்புறம், பொண்டாட்டி இல்லாத அந்த வீட்ல என்ன இருக்கு சொல்லு. வாரம் ஆறு நாள் நான் வியாழக்கிழமைக்காக உக்காந்திருக்கேன்."

லியோன்ஸ் ட்யூபை வாங்கி டயருக்குள் திணித்தார். அன்செல்ம் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"கிஸ்லானுக்கு மோட்டார் விஷயம் தெரிஞ்சா சிரிப்பான். சிரிச்சுட்டுப் போறான். நெஞ்சு விஷயம் தெரிஞ்சா வராதம்பான். தப்புன்னும் சொல்ல முடியாது, செத்துருவானோன்னு பயந்துட்டே எவன் சைக்கிள் ஓட்டுவான்? நீ சொல்ல மாட்ட. ஊரு கடுதாசி பூரா உன் கைல போயிருக்கு, ஒரு வீட்டுச் சேதி இன்னொரு வீட்டுக்குப் போனதில்ல."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றார் லியோன்ஸ். சொல்லும்போது அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதே நேரத்தில் அவருக்குள் ஒரு சந்தோஷம் புரண்டு படுத்ததும் உண்மை.

அந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ள, லா வெர்ன் கிராமத்தின் இந்த நான்கு பேர் பத்தொன்பது வருஷமாக வியாழக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்குத் தேவாலய வாசலில் கூடி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள் என்பதும், அந்தப் பத்தொன்பது வருஷமும் ஒவ்வொரு மேட்டிலும் கடைசியாக வந்து சேர்ந்தது லியோன்ஸ்தான் என்பதும் தெரிய வேண்டும். குழுவுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சமதளத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் காற்றை மறைத்துக் கொடுக்கலாம், முறை வைத்து முன்னால் போகலாம், பின்தங்கியவனுக்காகக் கொஞ்சம் மெதுவாகவும் போகலாம். மேடு வந்துவிட்டால் அதெல்லாம் செல்லாது. மேட்டில் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது. அவனவன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே நின்று காத்திருக்கலாம். நடுவில் நிற்பது மேலே போகிறவனுக்கும் அவமானம், கீழே வருகிறவனுக்கும் அவமானம் என்பது கிஸ்லானின் கட்சி. கிஸ்லான் மாட்டு வியாபாரி. ஓய்வு பெற்ற பிறகும் மனுஷர்களைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் அவரை விடவில்லை.

ஆகவே பத்தொன்பது வருஷமாக லியோன்ஸ் உச்சிக்கு வந்து சேரும்போது மூன்று பேர் சைக்கிளில் சாய்ந்து ஏதாவது தின்றுகொண்டிருப்பார்கள். "தபால் வந்தாச்சு" என்பார் கிஸ்லான். "எந்த வருஷத்துத் தபால்?" என்பார் ஒனோரே. ஒனோரே ஊரின் பழைய பேக்கரிக்காரர், நல்ல மனுஷர், கிஸ்லான் சிரித்தால் சிரிப்பார். லியோன்ஸும் சிரித்துவிடுவார். சிரிக்காமல் இருந்த ஓரிரு முறை அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. அன்செல்ம் மட்டும் கேலி பேச மாட்டார், தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். அதுதான் லியோன்ஸுக்குக் கேலியைவிட அதிகமாக எரிந்தது. அந்தப் பாட்டிலை வாங்கும் ஒவ்வொரு முறையும் தாம் கடைசி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அவருக்குத் தோன்றும்.

போன குளிர்காலத்தில் அன்செல்மை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது லியோன்ஸ் வருத்தப்பட்டார், சூப் வைத்து எடுத்துக்கொண்டும் போனார். ஆனால் அறுபத்தொன்பது வயதில் முழங்காலை அறுத்துக்கொண்டவன் இனிமேல் எப்படி மேடு ஏறுவான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. வசந்தத்தில் தமக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான். அந்த நினைப்பு அவரை மார்ச் வரைக்கும் கதகதப்பாக வைத்திருந்தது. மார்ச் மாதம் முதல் வியாழக்கிழமை, முதல் மேட்டிலேயே, அன்செல்ம் அவரைத் தாண்டிப் போனார். வாயை மூடிக்கொண்டு, மூச்சு இரைக்காமல், "வா, வா, வந்துருவ" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பஞ்சர் ஒட்டிய மூன்றாம் வாரம், ஓட்டம் முடிந்து கிஸ்லானின் வைக்கோல் கொட்டகையில் வழக்கம்போல பீர் குடிக்க உட்கார்ந்தார்கள். அன்செல்ம் ஒரு மிடறு குடித்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று முதலில் கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் கிஸ்லான் காலை நீட்டினார்.

"அறுபத்தொம்போது வயசு. ஒரு காலு பழசு, ஒரு காலு புதுசு. நம்ம தபாலத் தாண்டிப் போறான், போற போக்குல முதுகத் தட்டிட்டு வேற போறான். தபால், நீயும் போய் முழங்கால மாத்திட்டு வாயேன்."

"முழங்கால் போதாது, முழு ஆளையே மாத்தணும்" என்றார் ஒனோரே.

"மாத்தறதுக்கு ஆஸ்பத்திரில இவனுக்கு உதிரிபாகம் கிடைக்குமாடா? இவன் மாடல் வர்றத நிறுத்திட்டாங்களே."

இருவரும் சிரித்தார்கள். லியோன்ஸும் வழக்கம்போலச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்புக்குப் பதில் வேறொன்று வந்து விழுந்தது.

"அது முழங்கால் இல்ல. மோட்டாரு."

கிஸ்லான் நீட்டிய காலை மடக்கினார். லியோன்ஸ் குழாய்க்குள் இருக்கிற மோட்டாரைச் சொன்னார், தண்ணீர் இல்லாத பாட்டிலைச் சொன்னார், கைப்பிடி நாடாவுக்கு அடியில் இருக்கிற பொத்தானைச் சொன்னார். மற்றது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் கிஸ்லான் சிரிக்க மாட்டார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஐயோ பாவம் என்பார், அடுத்த வாரம் அன்செல்மின் வீட்டுக்குக் கேக் போகும். ஊரே அன்செல்மைத் தாங்கும். லியோன்ஸ் மேட்டில் கடைசியாக வருவதில் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது. அவர் மற்றதை விழுங்கிவிட்டார். பாதியைத்தானே சொன்னோம், சத்தியத்தில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று தமக்குத்தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கிஸ்லான் முதலில் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. "போன வாரம் நான் அவன் பின் சக்கரத்தப் பிடிக்க முடியாம நுரை தள்ளிட்டு வந்தேன்டா. ஒரு மெஷினோடவா நான் போட்டி போட்டேன்?" என்றார். பீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "பேட்டரி எவ்ளோ தூரம் வரும்னான்?"

"அறுபது கிலோமீட்டர். நம்ம சுத்துக்குச் சரியா வரும்னு வாங்கிருக்கான்."

"அப்ப எண்பது போவோம். அறுபதுல தீந்துரணும், தீர்ற எடம் ஓநாய் மேட்டுக்கு அடிவாரமா இருக்கணும். நாலு கிலோமீட்டர் ஏத்தம். அந்த இரும்பக் கட்டித் தூக்கிட்டு ஏறி வரட்டும், நான் மேல நின்னு வீடியோ எடுக்கறேன். வழிய நீ போடு, தபால். எவனும் இல்லாத ரோடா பாத்துப் போடு. எவனாவது டிராக்டர்ல ஏத்திட்டு வந்துட்டா வேல கெட்டுரும்."

"பாவம்டா" என்றார் ஒனோரே, சிரித்துக்கொண்டே.

பத்தொன்பது வருஷத்தில் கிஸ்லான் லியோன்ஸிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் லியோன்ஸ் சமையலறை மேசையில் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் வழி வரைந்தார். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தத் திருப்பத்துக்குப் பிறகு கடைசி தபால் பெட்டி, எந்தப் பண்ணையில் கிழவி செத்தபின் ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள், எந்த ரோட்டில் பால் வண்டி வருவது நின்றுபோனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓநாய் மேட்டின் நான்கு கிலோமீட்டரிலும் குடியிருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. போனுக்குச் சிக்னலும் கிடையாது. வரைந்து முடித்துத் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தபோது அவருக்குப் பெருமையாகவே இருந்தது. நெஞ்சு விஷயம் ஞாபகம் வராமல் இல்லை. அடிவாரத்தில் பேட்டரி தீர்ந்தால் அன்செல்ம் இறங்கித் தள்ளிக்கொண்டு வரப் போகிறான், அவனுக்கில்லாத அக்கறையா நமக்கு, என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததும் பசித்தது.

ஜூன் இரண்டாம் வியாழன் நல்ல வெயில். வழி மாற்றம் என்று கிஸ்லான் சொன்னதும் அன்செல்ம் கொஞ்சம் யோசித்தார். "எவ்ளோ தூரம்?" என்றார். "அதே அளவுதான், கூடக் கொறைய இருக்கும்" என்றார் கிஸ்லான். அன்செல்ம் லியோன்ஸைப் பார்த்தார். லியோன்ஸ் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிளம்பினார்கள்.

எந்தச் சதிக்கும் இவ்வளவு அழகான ரோடு அமைந்திருக்காது. இரண்டு பக்கமும் செஸ்ட்நட் மரங்கள் பூத்துத் தொங்கின. வேலியோரம் ஊதாப்பூக் கதிர்கள் மனுஷன் உயரத்துக்கு நின்றன. நான்கு சங்கிலிகள் பல்சக்கரத்தில் ஓடும் சத்தமும், எங்கோ ஒரு குயிலும், அவ்வளவுதான். ஒரு காட்டுமான் குட்டி ரோட்டின் நடுவில் நின்று, இவர்கள் பத்தடி தூரம் வரும்வரை நகரவில்லை. காரைப் பார்த்தே அறியாத குட்டி. நாற்பதாவது கிலோமீட்டரில் அன்செல்ம் லியோன்ஸின் பக்கத்தில் வந்து சேர்ந்து ஓட்டினார். அவர் முகத்தில் பள்ளிக்கூட லீவு விட்ட களை இருந்தது.

"இந்த ரோட்டயெல்லாம் இத்தன வருஷம் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? யோலாந்த் இருந்திருந்தா இங்கயே எறங்கிப் பூப்பறிக்க ஆரம்பிச்சிருப்பா. சொல்லணும்னு தோணுது, லியோன்ஸ். நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ இத விட்டுருப்பேன்."

லியோன்ஸ் "முன்னால குழி இருக்கு" என்றார். குழி எதுவும் இல்லை.

ஐம்பது கிலோமீட்டர் தாண்டியதும் கிஸ்லான் வேகத்தைக் கூட்டினார். ஒனோரே கூட்டினார். அன்செல்மின் கட்டைவிரல் கைப்பிடி நாடாவை அடிக்கடி அழுத்துவதைப் பின்னாலிருந்து லியோன்ஸ் எண்ணிக்கொண்டே வந்தார். "இன்னும் எவ்ளோ?" என்று அன்செல்ம் ஒருமுறை திரும்பிக் கேட்டார். "இதோ, வந்தாச்சு" என்றார் லியோன்ஸ். அடுத்த பத்து நிமிஷத்தில் பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு சட்டென்று தலையைத் தூக்கியது. அங்கிருந்து ஓநாய் மேடு. மேட்டில் முதல் வளைவுகூடத் தாண்டவில்லை, இத்தனை வாரமாக லியோன்ஸின் காதுக்குப் பழகிப்போயிருந்த அந்த மெல்லிய ரீங்காரம் நின்றது. அன்செல்மின் சைக்கிள் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததைப்போலத் தயங்கியது. அவர் எழுந்து நின்று மிதித்தார்.

கிஸ்லான் முப்பதடி முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, பாட்டில்ல தண்ணி தீந்துருச்சா? எல்லாத்தையும் தபால் சொல்லிருச்சு. மேல வா, கேக் இருக்கு. தள்ளிட்டு வராத, மிதிச்சு வா."

ஒனோரேயின் சிரிப்பு மரங்களுக்கு நடுவில் போய்க் கரைந்தது. இருவரும் வளைவில் மறைந்தார்கள். லியோன்ஸும் அன்செல்மும் பக்கத்தில் பக்கத்தில் ஊர்ந்தார்கள். அன்செல்ம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் லியோன்ஸுக்கு வசதியாக இருந்திருக்கும். கூட்டல் கழித்தலில் எங்கே தப்பு வந்தது என்று தேடுகிற முகமாகத்தான் அது இருந்தது.

"எவ்ளோ சொன்ன?"

"மோட்டார் மட்டுந்தான்."

"மத்தது?"

"இல்ல."

அன்செல்ம் நாலைந்து மிதி மிதித்தார். "சரி" என்றார். "சொல்லாத."

"எறங்கி நடந்து வாயேன்."

"அவன் ஒவ்வொரு வளைவுலயும் நின்னு பாப்பான். எனக்குத் தெரியாதா அவன." மூச்சு வாங்கியது. "கொஞ்சம் மெதுவா வரேன். நீ கூட இரு."

கைப்பிடியில் இருந்த மணிக்கட்டின் வாட்ச் லியோன்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. நூற்று இருபத்தொன்று. லியோன்ஸ் அதைப் படித்தார். படித்தது தெரியாமல் இருக்க ரோட்டைப் பார்த்தார். மேட்டில் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது. இந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அன்றைக்கு அது கையில் எடுத்துக் கொடுத்தது போல வந்து நின்றது. அவருடைய கால்கள் தாமாகக் கொஞ்சம் அழுத்தின. ஒரு சைக்கிள் நீளம், பிறகு இரண்டு. பின்னால் அன்செல்மின் மூச்சு முதலில் பெரிதாகக் கேட்டது, பிறகு சின்னதாக, அப்புறம் கேட்கவில்லை. இரண்டாவது வளைவில் லியோன்ஸ் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தான். வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்தது மகிழ்ச்சி. பல்லைக் கடித்துக்கொண்டு, இளவயதில் மிதித்ததைப்போல, அவர் மேலே மேலே போனார்.

உச்சியில் ஒரு கருங்கல் சிலுவையும் இடுப்பளவு கல்சுவரும் உண்டு. ஒனோரே சுவரின் மேல் துணி விரித்துச் செர்ரிப்பழ கேக்கை வெட்டி வைத்திருந்தார். கிஸ்லான் போனைச் சுவரின் மேல் ஒரு கல்லுக்கு முட்டுக் கொடுத்து, கீழே கடைசி வளைவைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். லியோன்ஸைப் பார்த்ததும் இருவரும் கைதட்டினார்கள்.

"மூணாவது எடம். டேய், தபாலு மூணாவது எடம்டா" என்று கிஸ்லான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்க நம்ம மின்சார வாத்தியார்?"

"வந்துட்டிருக்கான்."

"இந்தா, முதல் துண்டு உனக்கு."

செர்ரிக்கொட்டையை எடுக்காமல் செய்த கேக். லியோன்ஸ் கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றார். ருசியாக இருந்தது. கிஸ்லான் போனைத் தட்டி வீடியோவை ஓடவிட்டார். "வளைவுல தல தெரியற நிமிஷத்துலேருந்து வேணும். கிறிஸ்மஸ் சாப்பாட்டுல போட்டுக் காட்டணும்" என்றார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. கிஸ்லான் மாட்டுச் சந்தையில் ஒருத்தன் குருட்டுப் பசுவை விற்ற கதையைச் சொன்னார். ஒனோரே சிரித்தார். லியோன்ஸும் சிரித்தார். கிஸ்லானின் பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்பது சுகமாக இருந்தது. வளைவில் ஃபெர்ன் செடிகள் அசைந்தன, அவ்வளவுதான்.

"திரும்பிப் போயிருப்பானோ?" என்றார் ஒனோரே. "கோச்சுக்கிட்டு?"

"போவான். ரோஷக்காரன்" என்றார் கிஸ்லான். "யாராச்சும் எறங்கிப் போய்ப் பாக்கறதுன்னா, தபால், நீதான் அவனுக்குக் கூட்டாளி."

"நான் போனா இன்னும் அசிங்கமா நெனப்பான்" என்றார் லியோன்ஸ். அதுவும் பொய்யில்லை.

அப்போது கீழேயிருந்து என்ஜின் சத்தம் கேட்டது. சேறு அப்பிய ஒரு வேன் வளைவில் தோன்றி, மேலே வந்து, அவர்கள் பக்கத்தில் நின்றது. அன்று அவர்கள் பார்த்த முதல் வண்டி. ஓட்டி வந்தது மாட்டு டாக்டர் மாதில்த். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண், முழங்கை வரை சட்டையைச் சுருட்டியிருந்தாள். என்ஜினை நிறுத்தாமல் ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"கீழ மூணாவது வளைவுல ஒருத்தர் புல்லுல உக்காந்திருக்காரே, உங்க ஆளா?"

"எங்க ஆளுதான்மா" என்றார் கிஸ்லான். "திருட்டு மோட்டார் வச்சு எங்கள ஏமாத்தினாரு. இப்ப பேட்டரி காலி. அதான் துக்கம் அனுஷ்டிக்கறாரு."

அவள் சிரிக்கவில்லை. "வண்டில ஏறுங்கன்னேன், மாட்டேன்னுட்டாரு. மொகம் சரியில்ல. சாம்பல் பூத்துக் கெடக்கு, வேர்வைன்னா அப்படி ஒரு வேர்வை. இடது கைய மடியில போட்டுக்கிட்டு அமுக்கிட்டே இருக்காரு. ஒண்ணும் வேணாம், மேல என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, தபால்காரர்ட்ட சொன்னா போதும், அவனுக்குத் தெரியும்னாரு. உங்கள்ள யாரு தபால்காரர்?"

கிஸ்லானும் ஒனோரேயும் லியோன்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். லியோன்ஸின் கையில் இரண்டாவது துண்டு கேக் இருந்தது.

"நாந்தான்" என்றார்.

"அவருக்கு எதாவது நோய் இருக்கா? நெஞ்சுவலி, சர்க்கரை, எதாவது? எனக்கு அந்தப் பக்கம் பண்ணையில ஒரு பசு, கன்னு தலை திரும்பி ஒரு மணி நேரமாக் கெடக்கு. நான் போயாகணும். அங்க வீட்டு போன் இருக்கு. சொல்லுங்க, போன ஒடனே ஆம்புலன்ஸக் கூப்புடறேன். ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஒரு வார்த்தைதான். லியோன்ஸ் கிஸ்லானின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சின்னக் கண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. இப்போது ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது. ஏப்ரலில் இருந்து என்று சொல்ல வேண்டும். வழியைப் போட்டவன் யார், எவனும் இல்லாத ரோடாகப் பார்த்துப் பார்த்துப் போட்டவன் யார் என்பதை ஒருத்தரும் கேட்க வேண்டிய அவசியம்கூட இருக்காது. கிஸ்லானே கையைக் கழுவிக்கொண்டு அவரைக் காறித் துப்புவார், ஊர் துப்பும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவமானம் கொஞ்சமாக இருந்திருக்கும். அரைமணி முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சமாக. ஒவ்வொரு நிமிஷமும் அது வட்டி போட்டு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லங்க" என்றார். குரல் அவருக்கே ஆச்சரியமாக, நிதானமாக வந்தது. "முழங்கால்ல ஒரு ஆபரேஷன் ஆச்சு, அதுதான். மோட்டார் வச்சுப் பழகிட்டாரு, ஏத்தம் ஒத்துக்கல. கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும். நாங்க பாத்துக்கறோம்."

மாதில்த் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். மாட்டைப் பார்த்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். மனுஷன் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும்.

"நிச்சயமாவா?"

"இருபது வருஷமாத் தெரியுங்க அவர."

அவள் தலையாட்டிவிட்டு கியரை மாற்றினாள். வேன் சிலுவையைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கியது. சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. மறுபடியும் அந்த ரோடு முன்போல அமைதியானது.

"பாத்தியா, பொம்பள கெடச்சதும் நடிப்ப ஆரம்பிச்சுட்டான்" என்றார் கிஸ்லான். ஆனால் கதையைத் தொடரவில்லை. ஒனோரே துணியில் சிதறியிருந்த கேக் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "சாம்பல் பூத்துருக்குன்னாளே" என்று மெல்லச் சொன்னார்.

லியோன்ஸ் வாயிலிருந்த கொட்டையைத் துப்ப மறந்து சுவர்ப்பக்கம் திரும்பினார். போன் அங்கே கல்லில் சாய்ந்தபடி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வேன் வந்தபோதும், அவர் மாதில்துக்குப் பதில் சொன்னபோதும் ஒருத்தரும் அதை நிறுத்தவில்லை. சின்னத் திரையில் கடைசி வளைவு, அதன் ஓரத்தில் ஃபெர்ன் செடிகள், ஆளில்லாத ரோடு. மேலே ஒரு சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இருபத்தேழு நிமிஷம் நாற்பது வினாடி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.